மேட்டுப்பாளையத்தில் இருக்கிறான்

அண்ணன் படித்த பள்ளிக்கூடத்தில் ஒரு பலகை வைக்கப் போகிறார்களாம். கடற்படை கமாண்டோவாகச் சேர்ந்து கேப்டன் வரை உயர்ந்த பழைய மாணவர் என்று அவர் படத்தைப் போட்டு, கீழே பணி விவரத்தையும் பதக்கங்களையும் எழுத வேண்டும். தலைமையாசிரியர் வீடு தேடி வந்து, "ஒரே பக்கத்துல அடங்கற மாதிரி எழுதிக் குடுங்க. கூடப் பொறந்தவரு நீங்க எழுதுனாத்தான் தப்பில்லாம இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். இருபத்தொன்பது வருஷம் மலைப்பாதையில் அரசு பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவன் நான். அதுவரை எழுதிய பெரிய எழுத்தெல்லாம் லீவு லெட்டர்தான். இருந்தாலும் சரி என்றேன்.

அண்ணனிடம் விவரம் கேட்டேன். பதக்கப் பெட்டி இருக்கும் இடத்தைக் கையால் காட்டிவிட்டு ஜன்னல் பக்கம் சக்கர நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். அவரிடம் ஒரு வாக்கியத்துக்கு மேல் வாங்குவது சின்ன வயசிலிருந்தே கஷ்டம். பெட்டியைத் திறந்தால் பதினொரு பதக்கங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள். நீண்ட சேவைக்கு ஒன்று. இடது கையில் பட்ட குண்டுக்கு ஒன்று. மிக உயரமான மலைகளில் பணி செய்ததற்குக்கூட ஒன்று இருந்தது. குன்னூர் மலை ஏற முடியாது என்று உட்கார்ந்துகொண்ட மனுஷனுக்கு உயரத்துக்கு ஒரு பதக்கமா என்று முன்பெல்லாம் நான் கேலி பண்ணியிருக்கிறேன். இப்போது அதைக் கையில் எடுக்கவே பிடிக்கவில்லை.

பலகைக்கு வேண்டியதை அரை மணி நேரத்தில் எழுதி முடித்தேன். எஸ்டேட் ஃபேக்டரியில் தேயிலைத் தூள் தயாரிப்பைக் கவனித்த டீ மேக்கரின் மூத்த மகன். கடற்படை அகாடமியில் சேரும் வரை நீச்சல் தெரியாது. அது பொய்யில்லை. சின்னதில் எங்களைப் பைக்காரா ஏரிக்குக் கூட்டிப் போனபோது, படகில் ஏறமாட்டேன் என்று அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு அழுதவர் அவர்தான். நான் ஏறி உட்கார்ந்து அவரைப் பழித்துக் காட்டினேன். அப்படிப்பட்டவர் அகாடமியிலிருந்து போட்ட முதல் கடிதத்தில், இன்று தண்ணீரில் மூழ்கப் பார்த்தேன், தூக்கி விட்டார்கள், நாளையும் இறங்குவேன் என்று எழுதியிருந்தார். அம்மா அதை ஊரெல்லாம் காட்டினாள். பிறகு கமாண்டோ பயிற்சி. சேர்ந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் பாதியில் ஓடிப்போகிற பயிற்சி அது என்று பின்னால் கேள்விப்பட்டோம். தாடி வளர்த்துக்கொண்டு லீவில் வந்து நின்றபோது அம்மாவுக்கே அடையாளம் தெரியவில்லை. "யாருங் நீங்க?" என்று கேட்டுவிட்டு, அப்புறம் வெட்கத்தில் சிரித்தாள்.

இதெல்லாம் பலகையில் ஏறும். வீரத்துக்கான சௌர்ய சக்ரா வாங்கினார் என்பதும் ஏறும். ஆழ்கடலில் மூன்று நாள் தொடர்ந்து இறங்கி, உயிரைப் பொருட்படுத்தாமல் வேலையை முடித்தார் என்று அந்தத் தாளில் இருக்கிறது. என்ன வேலை, எந்த இடம் என்று எதுவும் இல்லை. தேதி மட்டும் இருக்கிறது. அது எங்கள் அப்பா இறந்ததற்கு முந்தின நாள்.

இருபது வருஷத்துக்கு முந்தைய கதை அது. அப்பாவுக்கு நுரையீரல் போய்விட்டது. தேயிலைத் தூளுக்குள்ளேயே முப்பத்தைந்து வருஷம் இருந்தவர். ஆஸ்பத்திரியில் இனிமேல் வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். குன்னூரில் எஸ்டேட் குவார்ட்டர்ஸில் கட்டிலில் கிடந்தபடி ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பெரியவன் எங்க வந்துட்டிருக்கான்?"

அண்ணன் அப்போது கேரளாவில் இருந்தார், தந்தி கொடுத்திருந்தோம். எங்கள் குவார்ட்டர்ஸில் போன் கிடையாது. எஸ்டேட் ஆபீசுக்குத்தான் வரும், ஆபீஸ்காரர் நடந்து வந்து சேதி சொல்வார். அப்பா இறப்பதற்கு முந்தின நாள் சாயங்காலம் அவர் வந்து, "மேட்டுப்பாளையத்துல இருக்காராமுங்க. லாட்ஜுல ரூம் போட்டிருக்காராம். நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு மேலதான் மேல ஏறுவாராம்" என்றார். ஏன் என்று கேட்டதற்குச் சொல்ல முடியாது என்றாராம்.

அம்மாவுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்காததோடு பற்றிக்கொண்டும் வந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து எங்கள் வீடு ஒன்றரை மணி நேரம். அந்தப் பாதையில் ஒரு நாளைக்கு நாலு தடவை ஏறி இறங்கிச் சம்பளம் வாங்குகிறவன் நான். எனக்கு அந்த வாரம் மஞ்சூர் லைன். டிப்போவில் கெஞ்சிக் கேட்டு மறுநாள் காலை முதல் டிரிப்புக்கு மேட்டுப்பாளையம் லைனுக்கு மாற்றி வாங்கினேன். அண்ணனைக் கையோடு ஏற்றிக்கொண்டு வந்துவிட வேண்டும் என்பதற்காகத்தான்.

ஏழேகால் மணிக்கு பஸ் ஸ்டாண்டுக்குள் வண்டியைத் திருப்பும்போதே பார்த்துவிட்டேன். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தூங்காத கண். எனக்குப் பின்னால் இருக்கிற சீட்டில் என் பையை வைத்து இடம் பிடித்திருந்தேன்.

"ஏறுங்ணா" என்றேன்.

"சாயங்காலம் வாரேன்டா."

"அப்பா சாயங்காலம் வரைக்கும் தாங்கமாட்டாருங்ணா. உங்களையேதான் கேட்டுட்டிருக்காரு."

அவர் மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். "இப்ப ஏற முடியாதுடா" என்றார்.

"ஏனுங், வண்டி இல்லியா? கால் இல்லியா? நானே ஓட்டிட்டுப் போறேன், சும்மா உக்காந்து வர்றதுக்கு என்னுங்ணா?"

"சொன்னாப் புரியாது."

வேறு எதைச் சொல்லியிருந்தாலும் பொறுத்திருப்பேன். சொன்னால் புரியாதாம். அவர் ஆபீசர், நான் டிரைவர், அதனால் புரியாது என்கிறார் என்றுதான் எடுத்துக்கொண்டேன். "அப்ப நீ இங்கயே உக்காந்திரு" என்றேன். அதுவரை அண்ணனை நான் நீ என்று சொன்னதில்லை. வண்டியில் ஏறிக் கிளம்புகிற வரை ஹாரனை விடாமல் அடித்தேன். பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. அவர் எழுந்திருக்கவில்லை.

நான் டிரிப்பை முடித்து வீடு வந்து சேர்ந்தபோது அப்பாவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்திருந்தது. அம்மா ஆபீஸ்காரரிடம் ஓடி லாட்ஜுக்குப் போன் போடச் சொல்லியிருந்தாள். சேதி போன அடுத்த நிமிஷமே அண்ணன் டாக்சி பிடித்துக் கிளம்பிவிட்டாராம். பதினோரு மணி ஆவதற்குள் அப்பா போய்விட்டார். கடைசியாகவும் அதே கேள்விதான். பர்லியார் தாண்டிட்டானுங்க, இதோ வந்துருவான் என்று அம்மா சமாதானம் சொன்னாள். அதைக் கேட்டாரா என்று தெரியவில்லை.

அரை மணி நேரம் கழித்து டாக்சி வந்தது. அண்ணன் இறங்கி இரண்டு எட்டு வைத்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டதாக நினைத்தேன் என்று சொல்ல வேண்டும். மலைப்பாதை டிரைவருக்கு இது தொழில். குடித்திருப்பவனைப் படியில் கால் வைக்கும்போதே கண்டுபிடித்து இறக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் மூன்றாவது வளைவில் பஸ் முழுக்க வாந்தி. அந்த விஷயத்தில் என் கண் தப்பியதே இல்லை என்று டிப்போவில் எனக்குப் பேர். அண்ணனுக்குக் கால் நேராக விழவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாக்கு குழறியது. பர்லியாரில் வண்டியை நிறுத்தச் சொல்லி, மரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்ததாக டாக்சிக்காரர் என் காதில் சொன்னார். வாசனை வரவில்லைதான். வாசனை வராத சரக்கு ஆபீசர்களுக்குக் கிடைக்கும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

பாடைக்குத் தோள் கொடுக்கச் சொன்னபோது, முடியவில்லை என்று ஒதுங்கி நின்றார். பேருக்குத்தான் கமாண்டோ, அப்பனைத் தூக்க முடியவில்லை என்று சனம் முணுமுணுத்தது. சுடுகாட்டில் இன்னும் மோசம். மூத்த மகன் தண்ணீர்க் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு மூன்று சுற்று வர வேண்டும். சுற்றுக்கு ஓர் ஓட்டை போடுவார்கள். மூன்றாவது சுற்று முடிந்ததும் திரும்பிப் பார்க்காமல் பின்னால் போட்டு உடைக்க வேண்டும். அண்ணன் முதல் சுற்றில் பாதிகூடத் தாண்டவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்தார். குடம் முன்னால் விழுந்து உடைந்து, தண்ணீர் அப்பாவின் காலடியில் ஓடியது. கூடியிருந்தவர்கள் ஐயோ என்று ஒரே குரலில் கத்தினார்கள். வேறு குடம் கொண்டு வந்து என் தோளில் வைத்தார்கள். நான் சுற்றி வந்து கொள்ளியும் வைத்தேன்.

நாங்கள் திரும்புவதற்குள் சேதி வீட்டுக்கு வந்துவிட்டது. அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"கொடம் ஒடஞ்சுதாமா? அவனுக்கு என்னாச்சு சாமி?"

"குடிச்சிருக்காருங்மா" என்றேன்.

ஊரில் யாரும் அந்த வார்த்தையை அம்மாவிடம் சொல்லத் துணியவில்லை. சொன்னவன் நான்தான். இன்னொரு தடவை கேட்டிருந்தால்கூட நான் மாற்றிச் சொல்லியிருக்க மாட்டேன். அவ்வளவு கோபத்தில் இருந்தேன். அண்ணன் அன்று சாயங்காலமே அதே டாக்சியில் கீழே போய்விட்டார். மறுநாள் பால் தெளிக்கக்கூட நிற்கவில்லை. "எம்பட ஊட்டு வாசல்ல இனி அவன் கால் வெக்க வேண்டாம்" என்று அம்மா சொன்னாள். அம்மா அதிகம் பேசாதவள், பேசினால் மாற்றாதவள்.

அடுத்த வருஷம் சௌர்ய சக்ரா கிடைத்தது. டிப்போவில் எனக்கு லட்டு ஊட்ட வந்தார்கள், வாயைத் திறக்கவில்லை. பேப்பரில் வந்த படத்தை யாரோ கொண்டு வந்து கொடுத்ததை அம்மா அரிசி டின்னுக்கு அடியில் விரித்துவிட்டாள். விபத்தில்லாமல் ஓட்டியதற்கு எனக்கு ஒரு பதக்கம் கொடுத்தார்கள், சின்ன வெள்ளி வில்லை. அதை சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். அண்ணனின் கடிதங்களைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பினாள். நாலைந்து வருஷத்தில் கடிதமும் நின்றது. அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ரிட்டயர் ஆகிக் குன்னூருக்கே வந்து வாடகைக்கு வீடு பிடித்துத் தனியாக இருந்தார். எங்கள் வீட்டுக்கும் அதற்கும் இரண்டு கிலோமீட்டர். தடி ஊன்றி மார்க்கெட்டில் நடப்பதை டிரைவர் சீட்டிலிருந்து பார்ப்பேன். நிறுத்தியதில்லை.

போன வருஷம் ஜனவரியில் அவரே போன் செய்தார். இடுப்பு எலும்புக்குக் கோயம்புத்தூரில் பெரிய டாக்டரைப் பார்க்க வேண்டும், கூட ஆள் வரச் சொல்கிறார்கள் என்றார். வேறு யாரும் இல்லாததால்தான் என்னைக் கூப்பிட்டார் என்பது தெரிந்தே போனேன்.

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஆழத்துல டைவ் பண்ணுவீங்களா?" என்று கேட்டார். அண்ணன் தலையாட்டினார். "மேல வந்ததும் எப்பவாச்சும் உடனே உயரத்துக்குப் போனீங்களா?"

"ஒரே தடவை" என்றார் அண்ணன். "எங்க அப்பா செத்த அன்னிக்கு."

டாக்டர் எனக்காகத்தான் விளக்கிச் சொன்னார். ஆழத்தில் மூச்சு இழுக்கும்போது காற்று ரத்தத்தில் கரைந்துவிடுமாம். மேலே வந்த பிறகு அது மெல்ல மெல்ல வெளியேற வேண்டும், அதற்கு ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். அதற்குள் விமானத்தில் பறந்தாலோ மலை ஏறினாலோ, கோலி சோடாவை உடைத்த மாதிரி ரத்தத்தில் குமிழ் கிளம்பிவிடும். மூட்டெல்லாம் பிடித்துக்கொள்ளும், வாந்தி வரும், குடித்தவன் மாதிரி தள்ளாடும். உடனே கீழே இறக்கி, காற்றழுத்தம் ஏற்றுவதற்கென்று இருக்கிற அறைக்குள் போட வேண்டும். உயிர் பிழைத்தாலும் எலும்பு உள்ளுக்குள்ளேயே செத்துக்கொண்டு வரும். உங்கள் அண்ணனுக்கு இரண்டு பக்கமும் போய்விட்டது என்றார்.

அப்பா உயிரோடு இருக்கும்போது அண்ணன் ஏறவில்லை, அது அவர் வேலையின் விதி. விதியை மீறி ஏறினார், அப்பா போய்விட்டார். இரண்டில் ஒன்றாவது அவருக்குக் கிடைத்திருக்கக் கூடாதா? அதற்குப் பிறகு அவரைத் தண்ணீருக்குள் இறங்கவே விடவில்லையாம். அந்த சௌர்ய சக்ரா கடைசியாக இறங்கியதற்கு. மற்ற பதவி உயர்வெல்லாம் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து வாங்கியவை.

திரும்பும்போது மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டு அருகே காரை நிறுத்தச் சொன்னார். இரண்டு பேரும் டீ குடித்தோம்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்லீங்ணா?" என்றேன். அண்ணா என்ற சொல் என் வாயில் வந்து இருபது வருஷம் ஆகியிருந்தது.

"டைவ் அடிச்சேன்னு சொன்னா எங்க, எதுக்குன்னு வரும். சொல்லக் கூடாத வேலைடா."

"அப்புறமாச்சும்?"

"பதக்கம் வந்ததும் அம்மா கூப்புடுவாங்கன்னு பாத்தேன். கூப்புடல. குடிகாரன்னு முடிவு பண்ணுன ஊட்டுல போயி, நான் குடிக்கலீன்னு நின்னு சொல்ல எனக்கு வாய் வரல." டம்ளரைக் கீழே வைத்தார். "யாரு அப்படிச் சொன்னாங்கன்னுதான் இன்னிக்கு வரைக்கும் தெரியல."

நான் பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, அம்மாவிடம் நான் சொல்லிவிடுகிறேன் என்றேன். அன்றைக்குக் காரில் அண்ணன் வளைவுக்கு வளைவு ஏதோ பேசிக்கொண்டே வந்தார். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

அம்மாவிடம் அன்றே சொல்லியிருக்க வேண்டும். அம்மா அப்போது நன்றாக இருந்தாள். எந்தக் கடையில் மாவு பழசு என்பது வரை அவளுக்கு நினைவில் இருந்தது. சாப்பிட்ட பிறகு சொல்லலாம் என்று தள்ளினேன். பண்டிகை முடியட்டும், மழை நிற்கட்டும் என்று தள்ளினேன். நிஜமான காரணம் எனக்குத் தெரியும். அண்ணன் குடிக்கவில்லை என்று சொன்னால், அப்படியானால் நீ ஏன் சொன்னாய் என்று அம்மா கேட்பாள். அறுபது வயசில் அம்மாவின் முகத்தைப் பார்க்கப் பயந்துகொண்டு திரிந்தேன். அண்ணன் வாரத்துக்கு ஒரு தடவை போன் செய்வார். சொல்லியாச்சா என்று கேட்கமாட்டார். அம்மா எப்படி இருக்காங்க என்று மட்டும் கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் போனை வைக்காமல் இருப்பார். அவர் ஏறாமல் உட்கார்ந்திருந்தது ஒரு முழு நாள்கூட இல்லை. நான் ஏழு மாசம் உட்கார்ந்திருந்தேன்.

ஆகஸ்டில் அம்மாவுக்கு மூளையில் ரத்தக்குழாய் அடைத்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தவளுக்குப் பேச்சு இருந்தது, கை கால் அசைந்தது, ஆனால் இருபது வருஷம் அப்படியே காணாமல் போயிருந்தது. அப்பா உள் அறையில் கட்டிலில் கிடக்கிறார் என்று நினைக்கிறாள். என்னை மட்டும் எப்படியோ தெரிகிறது. அதே மழைக்காலத்தில் அண்ணனுக்கும் நடை அடியோடு நின்றது. ஆபரேஷனுக்கு இதயம் தாங்காது என்று சொல்லிவிட்டார்கள். நான்தான் போய்த் தூக்கிக்கொண்டு வந்தேன். அம்மா போட்ட தடையை அம்மாவே மறந்துபோன பிறகுதான் அவர் இந்த வாசலைத் தாண்டினார்.

அம்மா அவரை எஸ்டேட் ஆபீஸ்காரர் என்று நினைக்கிறாள். போன் சேதி சொல்ல வந்திருக்கிறவர், காலில் ஏதோ கோளாறு, பாவம் உட்கார்ந்தே இருக்கிறார் என்று என் மனைவியிடம் ரகசியமாகச் சொல்லி, அவருக்குக் காப்பி கொடுக்கச் சொல்கிறாள்.

பலகைக்கு எழுதிய பக்கத்தை நேற்று மத்தியானம் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அண்ணனும் அறையில்தான் இருந்தார். எங்கே பிறந்தார், எப்போது சேர்ந்தார், பதினொரு பதக்கம், சௌர்ய சக்ரா, எல்லாவற்றையும் நிறுத்தி நிறுத்திப் படித்தேன். அம்மா கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள்.

"இத்தன பெரிய ஆளா? எந்தப் புண்ணியவதி பெத்த புள்ளையோ" என்றாள்.

என்னால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "உங்க புள்ளைதாங்மா. அன்னிக்கு அவரு குடிக்கவே இல்லீங்மா. மேட்டுப்பாளையத்துலருந்து ஏறக் கூடாத நேரத்துல அப்பாவுக்காக ஏறி வந்து, அதுல ஒடம்பு போயிருச்சுங்மா. குடிச்சிருக்காருன்னு சொன்னது நானுங்மா. நான்தான் சொன்னேன்."

அண்ணன் காதிலும் அது விழுந்தது. இருபது வருஷமாகத் தெரியாமல் இருந்தது அவருக்கு அப்படித்தான் தெரிந்தது. அவர் என் பக்கம் திரும்பவில்லை.

அம்மா என் கையைத் தட்டிக் கொடுத்தாள். "உடு சாமி, யாரூட்டுக் கதையோ. அதுக்குப் போயி அழுவாங்களா?" என்றாள். பிறகு மேட்டுப்பாளையம் என்ற பேர் காதில் விழுந்ததாலோ என்னவோ, அண்ணன் பக்கம் திரும்பி, புடவையைச் சரிசெய்துகொண்டு மரியாதையாகக் கேட்டாள்.

"ஏனுங், போன் வந்துச்சுங்களா? எம்பெரியவன் எங்க வந்துட்டிருக்கானாமுங்?"

தினமும் அவள் இதைக் கேட்கிறாள். தினமும் அண்ணன் பதில் சொல்கிறார். நேற்று மட்டும் கொஞ்சம் தாமதமாக வந்தது பதில்.

"மேட்டுப்பாளையத்துல இருக்கானுங்மா. சாயங்காலம் வந்துருவான்."

"இன்னுமா அங்கயே உக்காந்திருக்கான்?" அம்மா உள் அறைப் பக்கம் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. "அப்படீன்னா நீங்களே அவருகிட்ட ஒரு வார்த்த சொல்லிப் போடுங். நீங்க சொன்னாக் கேப்பாரு. சாயங்காலம் வரைக்கும் எப்படியாச்சும் மூச்சப் புடிச்சுட்டு இருக்கச் சொல்லுங்."

"சரிங்மா, சொல்லிடறேன்" என்றார் அண்ணன்.